சிவப்பு மை எங்கே நிற்க வேண்டும்? கதை எழுதவைத்துக் கருத்துரிமை கற்பிப்பது

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்குக் குறிப்புச்சட்டகம் தருவார்கள். முன்னுரை, நடுவில் நான்கைந்து துணைத்தலைப்பு, முடிவுரை. மாணவர் சட்டகத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். சட்டகம் இல்லாமல் ‘நான் முதலமைச்சரானால்’ என்று தலைப்பு மட்டும் கொடுத்துப் பாருங்கள். நாற்பது நோட்டிலும் ஊழல் ஒழிந்திருக்கும், நதிகள் இணைந்திருக்கும், விவசாயி சிரித்துக்கொண்டிருப்பார். அடுத்த பீரியடில் இதே வகுப்பு, குடிமையியல் பாடத்தில் ‘இந்தியக் குடிமக்களுக்குப் பேச்சுரிமையும் கருத்தை வெளியிடும் உரிமையும் உண்டு’ என்று இரண்டு மதிப்பெண் விடையை மனப்பாடம் செய்யும். உரிமை இருக்கிறது. வெளியிடத்தான் ஒன்றுமில்லை.

இந்த இரண்டு பீரியடையும் சேர்த்து நடத்த ஒரு வழி உண்டு. கதை, கடிதம், சுவரொட்டி என்று பிள்ளைகளை எழுதவைத்து, அவர்கள் எழுதியதை வைத்தே கருத்துச் சுதந்திரத்தை விளங்கவைப்பது. தமிழாசிரியர் செய்யலாம், சமூக அறிவியல் ஆசிரியர் செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைப்பவரும் செய்யலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் யாருக்கும் ஒத்துவரும். ஆனால் நடத்துகிறவருக்கு முதலில் சட்டம் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு காரணங்கள், அதில் சென்னைக்கு உள்ள பங்கு

அரசியலமைப்பின் 19(1)(அ) ஒரே வரிதான்: எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுச் சுதந்திரமும் கருத்தை வெளியிடும் சுதந்திரமும் உண்டு. கொஞ்சம் தள்ளி 19(2) வருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அரசு சட்டம் போட்டு இந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்ற பட்டியல் அது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். எண்ணினால் எட்டு.

பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதில் இல்லாதவற்றைத் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ‘பெரியவர்களை எதிர்த்துப் பேசியது’ இல்லை. ‘ஊர்ப்பெயர் கெட்டது’ இல்லை. ‘மனம் புண்பட்டது’ என்பதும் இல்லை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றித் தனிச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், கேட்டவரைப் பாராட்டிவிட்டு இதைச் சொல்ல வேண்டும்: அந்தச் சட்டம் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்ததற்குத்தான் பொருந்தும். 1957இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று ஏற்றதும் ‘பொது ஒழுங்கு’ என்ற கணக்கில்தான்.

இந்தப் பட்டியல் வளர்ந்த கதையில் இரண்டு இடங்களில் தமிழ்நாடு வருகிறது. நம் பாடப்புத்தகங்கள் இதை இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்பது என் ஆதங்கம். 1950 ஜனவரியில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது பட்டியலில் ‘பொது ஒழுங்கு’ கிடையாது. அந்த மார்ச்சில் சென்னை மாநில அரசு, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. இதழை நடத்திய ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு. ஒழுங்கு கெடும் என்ற பொதுவான காரணத்துக்காக இதழைத் தடுக்க அரசியலமைப்பில் இடமில்லை என்று தடையை நீதிமன்றம் நீக்கியது. சரி, இடத்தை உண்டாக்குவோம் என்று நாடாளுமன்றம் 1951இல் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. ‘பொது ஒழுங்கு’, ‘குற்றம் செய்யத் தூண்டுதல்’, ‘அயல்நாட்டு நட்புறவு’ மூன்றும் அப்போது ஏறியவை. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே திருத்தத்தில்தான் வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றங்கள் இன்றுவரை அரசைக் கேள்வி கேட்கின்றன.

இரண்டாவது இடம் 1963. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைப் பேசியிருந்தார். பதினாறாவது திருத்தம் ‘இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்பதைப் பட்டியலில் சேர்த்தது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினை பேசலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் வகுப்பை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு சண்டை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். பட்டியல் கட்டுவது அரசின் கையை. என் கவிதை நன்றாக இல்லை என்று நண்பன் சொன்னால் என் உரிமை பறிபோகவில்லை, அவன் உரிமையை அவன் பயன்படுத்துகிறான். பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையில் இடமில்லை என்று கதையைத் திருப்பிக் கொடுத்தால் அது தணிக்கை ஆகாது. அந்தக் கதையை நோட்டில்கூட வைத்திருக்கக் கூடாது என்று கிழித்துப் போட்டால் அது வேறு கதை. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு இதெல்லாம் உண்டா என்ற சந்தேகம் பெற்றோருக்கு வரும். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 1989, பிரிவு 13: குழந்தை தன் கருத்தைப் பேச்சாக, எழுத்தாக, அச்சாக, கலையாக, தான் விரும்பும் வேறு எந்த வழியிலும் வெளிப்படுத்தலாம். இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது.

சொல்லாமல் விட்ட வாக்கியம்

சட்டத்தை இவ்வளவோடு நிறுத்திவிட்டு நோட்டைத் திறக்கச் சொல்லலாம். முதல் பயிற்சிக்கு ஒரு வாக்கியம் போதும்: யாரிடமாவது சொல்ல நினைத்து, கடைசி நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதுங்கள். நோட்டு ஆசிரியர் கைக்கு வராது, பக்கத்து பெஞ்சுக்கும் போகாது. எழுதி முடித்ததும் அதன் கீழே ஏன் சொல்லவில்லை என்று ஒரு வரி.

அந்தக் காரணங்களை மட்டும் துண்டுச்சீட்டில், பெயர் போடாமல் வாங்கிப் பலகையில் வகைபிரியுங்கள். ‘அடி விழும்.’ ‘அம்மா அழுவாங்க.’ ‘சொன்னாலும் கேட்க மாட்டாங்க.’ ‘கிளாஸே சிரிக்கும்.’ ‘அவன் என் ஃப்ரெண்ட்.’ போலீஸ் பிடிக்கும் என்று எழுதுகிறவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். நாம் வாயை மூடிக்கொள்ளும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கும் 19(2)க்கும் சம்பந்தமே இல்லை என்பதை எந்தப் பேருரையையும்விட அந்தப் பலகை தெளிவாகக் காட்டிவிடும். ‘அம்மா அழுவாங்க’ என்பதை அச்சம் என்பதா, அன்பு என்பதா? வகுப்பு இதில் இரண்டாகப் பிரியும். பிரியட்டும்.

பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டதாக வைத்து ஒரு பக்கக் கதை எழுதச் சொல்லுங்கள். இங்கேதான் புனைவு கைகொடுக்கிறது. தன் வாயால் சொல்ல முடியாததை ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கலாம். அப்பாவைப் பெரியப்பாவாக்கலாம், சேலத்தைத் தேனியாக்கலாம். இந்தக் கதையை விருப்பப்பட்டவர் மட்டும் வாசிக்கட்டும். கட்டாயம் கூடாது.

ஏன் கட்டாயம் கூடாது என்பதற்கு நல்ல வழக்கு ஒன்று இருக்கிறது. 1985இல் கேரளத்தில் ஒரு பள்ளியில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் மத நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. வாய்திறக்காமல் இருப்பதும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ‘நான் வாசிக்கலை மிஸ்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ஏன் என்று கேட்காமல் அடுத்தவரிடம் போய்விட வேண்டும்.

அடித்தல் பயிற்சி

மொத்தத்தில் இதுதான் முக்கியமான பயிற்சி. இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். தங்கள் தெருவில் நடந்தது போன்ற ஒரு சம்பவத்தை ஏழெட்டு வரியில் எல்லோரும் எழுத வேண்டும். எழுதிய தாள் மூன்று பேர் கைக்கு மாறும். ஒவ்வொருவரும் ஒரு சொல்லையோ தொடரையோ பென்சிலால் அடிக்கலாம், ஆனால் ஓரத்தில் காரணம் எழுதியாக வேண்டும். உதாரணத்துக்கு ஒரு தாளை எழுதிப் பார்ப்போம்:

“எங்கள் தெருக் கோயிலில் திருவிழாவுக்குப் பத்து நாள் ஸ்பீக்கர் கட்டுவார்கள். தம்பிக்கு மறுநாள் பரீட்சை. அப்பா போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். ‘நீ யாருடா கேட்க’ என்றார் கவுன்சிலரின் மச்சான். அப்பா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார். பதினொரு மணிக்கு மேல் பக்திப் பாட்டு நின்று சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. தம்பி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சிவாஜியின் கோட்டைகளைப் படித்தான்.”

முதல் கை ‘கோயிலில்’ என்பதை அடிக்கிறது. காரணம்: சாமி விஷயம். இரண்டாவது கை ‘கவுன்சிலரின் மச்சான்’, ‘நீ யாருடா கேட்க’ இரண்டையும் சேர்த்து அடிக்கிறது. காரணம்: சண்டை வரும். மூன்றாவது கை பாட்டு மாறிய வரியை முழுதாக எடுத்துவிடுகிறது. காரணம்: தேவையில்லாத கிண்டல். இப்போது எழுதியவர் எழுந்து மிச்சத்தை வாசிக்க வேண்டும். தெருவில் திருவிழா, ஸ்பீக்கர் கட்டினார்கள், தம்பிக்குப் பரீட்சை, அப்பா போய்ச் சொன்னார், திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார், தம்பி படித்தான். அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அப்பா ஏனோ காற்று பிடிக்காமல் ஜன்னலைச் சாத்திய மாதிரி இருக்கும்.

அடித்த மூவரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று காரணமும் காதில் விழும்போது ஞாயமாகத்தான் இருக்கிறது. தணிக்கை அநேகமாக இப்படி நல்ல பிள்ளையாகத்தான் வரும். அடித்தவர்கள் தாங்களே அடிபட்ட தாளையும் கையில் வைத்திருப்பதுதான் இந்தப் பயிற்சியின் பலம். எல்லோரும் ஒரே நாளில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள்.

இனி விவாதம். எட்டு காரணங்கள் பலகையில் இருக்கின்றன. ஓரத்தில் எழுதிய காரணங்களில் எது அதற்குள் வருகிறது? ‘சாமி விஷயம்’ வராது. ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டால் சாமியைக் கேட்டதாகாது. ‘தேவையில்லாத கிண்டல்’ வராது. ‘கவுன்சிலரின் மச்சான்’ பற்றி ஒரு மாணவர் அவதூறு என்பார். நல்ல வாதம். கதையில் பெயரில்லாத ஒரு கவுன்சிலர், பெயரில்லாத மச்சான். யாரையும் குறிக்கவில்லை. அதே இடத்தில் நிஜ வார்டு எண்ணையும் நிஜப் பெயரையும் போட்டு, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதினால் அவதூறு என்ற கேள்வி வரும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் ஒருமுறை பிடித்துக்கொண்டால், வாட்ஸாப் குரூப்பில் எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்பதும் பாதி விளங்கிவிடும்.

‘சண்டை வரும்’ என்பதுதான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய காரணம். சண்டைக்கு வருகிறவர் யார்? எழுதியவரா, படித்துவிட்டுக் கல்லெடுப்பவரா? காவலர் யார் கையைப் பிடிக்க வேண்டும்? 1980களின் இறுதியில், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்பது எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்று. 1989இல் உச்ச நீதிமன்றம் படத்தை அனுமதித்தது. ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்கக் கூடாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கையை விரிக்கவும் கூடாது என்றது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல நெருங்கியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் படத்தின் கருத்து தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு உவப்பானதல்ல. எனக்கும் அல்ல. வகுப்பில் சொல்ல இந்த வழக்கை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே அதுதான். நமக்குப் பிடித்த வரியைக் காப்பாற்ற யாருக்கும் சட்டம் தேவைப்படுவதில்லை.

அதே ‘சண்டை வரும்’ இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 2014 டிசம்பரில் போராட்டம் வெடித்தது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்து, எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. அவர் முகநூலில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்து எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. புத்தகம் பிடிக்கவில்லையென்றால் தூக்கிப் போடு, படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் எழுதிய நீதிபதிகள், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று முடித்தார்கள். நாவலை ஒன்பதாம் வகுப்புக்கு வாசித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். அரசாங்கம் தடை உத்தரவு எதுவும் போடவில்லை, ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு கையெழுத்து என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அடித்தல் பயிற்சிக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு. அதே சம்பவத்தைக் கவுன்சிலரின் மச்சான் சொல்வதாக எழுத வேண்டும். அவரை வில்லனாக்கினால் பாதி மதிப்பெண்தான். ஊர் முழுக்க வசூலுக்கு அலைந்தவர், சவுண்டு சர்வீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர், அந்தத் தெருவில் நன்கொடை தராத ஒரே வீடு அந்த அப்பாவுடையது என்று அவர் மனதில் ஒரு கணக்கு இருக்கலாம். அதை எழுதிவிட்டு வரும் பிள்ளை, ‘எதிர்க்கருத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும்’ என்ற பாட வரியைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

பாத்திரம் பேசுவதும் நான் பேசுவதும்

தமிழ்நாட்டுப் பள்ளியில் கதை எழுதச் சொன்னால் சாதி வரும். வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். கிராமத்து டீக்கடையைப் பற்றிய கதையில் ஒரு பாத்திரம் இன்னொருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்று வையுங்கள். அடிக்கலாமா?

கதைக்குள் அந்த வசவு யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். திட்டுகிறவரின் அற்பத்தனத்தை வாசகர் உணரும்படி எழுதியிருந்தால் அந்தச் சொல் அங்கே வேலை செய்கிறது. கதை நெடுக திட்டுகிறவர் பக்கமே நின்று ரசித்தால், எழுதியவரிடம் அதைப் பேச வேண்டும். இதே சொல்லை வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னாலோ, கதை என்ற பெயரில் பக்கத்து பெஞ்சுக்காரனை அடையாளம் தெரியும்படி எழுதினாலோ அது இலக்கியம் ஆகாது. பொதுவில் சாதிப் பெயர் சொல்லிப் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உருவக் கேலிக் கவிதைக்கும் இதே அளவுகோல்தான்: ஒரு நிஜ ஆள், அவர் அதே அறையில், அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை என்றால் வேண்டாம். கூசாமல் ‘இதை வாசிக்க விடமாட்டேன்’ என்று சொல்லுங்கள், ஆனால் காரணத்தையும் சொல்லுங்கள்.

எழுத்தை எழுத்தாக வாசிக்கத் தெரியாததால் வரும் வம்புகளுக்கு அண்மைய உதாரணம் ஒரு கவிதை வழக்கு. மாநிலங்களவை உறுப்பினரும் உருதுக் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடி சமூக ஊடகத்தில் போட்ட வீடியோவின் பின்னணியில் ஒரு கவிதை ஒலித்தது. ரத்தம் என்ற சொல் அதில் வருகிறது. குஜராத்தில் ஜாம்நகர் காவல்துறை வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கவிதையை வரிவரியாகப் படித்துவிட்டு, அநீதியை அன்பால் எதிர்கொள்வோம் என்றுதான் இது சொல்கிறது என்று வழக்கை ரத்து செய்தது. ஒரு சொல்லின் விளைவை எதற்கெடுத்தாலும் மிரளும் ஆளை வைத்து அளக்கக் கூடாது, திடமான நெஞ்சுள்ள மனிதரை வைத்து அளக்க வேண்டும் என்றது. உருவகம், எதிர்நிலை, அங்கதம் என்று செய்யுள் பாடத்தில் நடத்துவதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம். எஃப்.ஐ.ஆர். போடுமுன் கவிதையைக் கவிதையாகப் படிக்கப் பயன்படும்.

நேராகச் சொல்ல முடியாதபோது

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது, பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை வந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் அதைவிடச் சின்னதாக ஒன்று வந்தது, கட்டண விளம்பரப் பகுதியில் ஓர் இரங்கல் அறிவிப்பு. டெமாக்ரசி என்ற ஒருவர் ஜூன் 26 அன்று காலமானார், அவர் ட்ரூத்தின் அன்புக் கணவர், லிபர்ட்டியின் தந்தை, ஃபெய்த், ஹோப், ஜஸ்டீசியாவின் சகோதரர். பெயர்களை இனிஷியலும் குடும்பப் பெயருமாக உடைத்துப் போட்டிருந்ததால் மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு ஏதோ ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்று தோன்றியிருக்கும். உண்மையின் கணவர், சுதந்திரத்தின் தந்தை, ஜனநாயகம் செத்துப்போனார்.

இரங்கல் அறிவிப்பு எழுத நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஊரில் சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறது. தங்கள் ஊரில் செத்துப்போன ஒன்றுக்கு, மனிதருக்கு அல்ல, சுவரொட்டி எழுதச் சொல்லுங்கள். ஏரி, விளையாட்டுத் திடல், நின்றுபோன டவுன் பஸ், பள்ளி நூலகம். ஒரு மாதிரி:

“கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஊர்ப் பெரிய ஏரி. தோற்றம்: தாத்தாவுக்குத் தாத்தா காலம். மறைவு: பிளாட் போட்ட வருடம். நீ குடித்த மழையெல்லாம் இப்போது எங்கள் வீட்டுக்குள் வருகிறது. இப்படிக்கு, கொக்குகள், எருமைகள், நீச்சல் தெரியாத பேரப்பிள்ளைகள்.”

யார் பெயரும் இல்லை, ஏரி எப்படிச் செத்தது என்பது மட்டும் ஊருக்கே தெரியும். கலகலப்பாகப் போகும் பயிற்சி இது. வாசிக்கும்போது வகுப்பு சிரிக்கும், சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் ‘இதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டலாமா சார்’ என்பார். அடுத்தவர் சுவரில் அனுமதியில்லாமல் ஒட்டுவது வேறு சட்டம். மனுவாக எழுதி கிராம சபையில் கொடுக்கலாம், அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது.

ஆண்டு விழாவில் பாரதி பாட்டுக்கு ஆடாத பள்ளி உண்டா? அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1928இல், சென்னை மாகாண அரசு அவருடைய பாடல் தொகுதிகளைப் பறிமுதல் செய்தது என்பதையும் ஒத்திகையின்போது ஒரு நிமிடம் சொல்லிவையுங்கள்.

ஆசிரியரின் கையில் உள்ள பேனா

இவ்வளவும் நடத்திவிட்டு, நோட்டுத் திருத்தும்போது பழைய கை திரும்பி வந்துவிடக் கூடாது. பிள்ளைக்கு முதன்முதலில் தெரியவரும் அரசாங்கம் ஆசிரியரின் சிவப்பு மைதான். ஒற்றுப்பிழை, ல-ள-ழ மயக்கம், புரியாத வாக்கியம் இவற்றில் அது தாராளமாக ஓடட்டும். ‘அப்பா குடித்துவிட்டு வந்தார்’ என்ற வரியை ‘அப்பா களைப்பாக வந்தார்’ என்று மாற்றும்போதுதான் அது தணிக்கையாகிறது. கருத்தில் உடன்பாடில்லை என்றால் ஓரத்தில் பென்சிலால் கேள்வியாக எழுதலாம்: இதை எப்படித் தெரிந்துகொண்டாய்? இதைக் கேட்டால் மச்சான் என்ன சொல்வார்? மாணவர் பதில் எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால், எதைச் சொன்னார் என்பதற்குப் போடாமல் எவ்வளவு துல்லியமாகச் சொன்னார் என்பதற்குப் போடுங்கள். ‘ஊழலை ஒழிப்போம்’ என்பதற்கு இரண்டு. ‘வருமானச் சான்றிதழ் வாங்க அம்மா மூன்று நாள் கூலியை விட்டாள்’ என்பதற்கு எட்டு.

ஒரு வாக்குறுதியை மட்டும் கொடுக்கவே கூடாது: ‘என்ன எழுதினாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.’ மனம்விட்டு எழுதச் சொன்னால் சில சமயம் ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் பாலியல் கொடுமையைக் கதைபோல எழுதிவிடும். போக்சோ சட்டம், 2012ன்படி அப்படி ஒன்று தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். எனவே முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: யாராவது ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தோன்றினால் நான் உதவி தேடுவேன், மற்றதெல்லாம் உங்கள் நோட்டோடு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பலகையின் மூலையில் எப்போதும் இருக்கட்டும்.

பெற்றோர் வருவார்கள். ‘எங்க குடும்பத்தைப் பத்தி எழுதவிட்டிருக்கீங்களே’ என்று கோபமாகவே வருவார்கள். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் பாதிச் சூடு குறையும். அதற்காக நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது பிள்ளையுடையது. பள்ளி மலரிலோ சுவர் இதழிலோ வெளிவந்த கதை என்றால் எடுத்து வைத்து, எந்த வரி என்று கேளுங்கள். நிஜ ஆளை அடையாளம் காட்டும் வரி என்றால் ஊரையும் உறவையும் மாற்றிவிடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. குடும்ப மானம் என்ற பொதுவான வருத்தம் என்றால் அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், ஒரே சந்திப்பில் முடியாது. அடுத்த மலரில் இவள் எழுத்தே வரக்கூடாது என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால் மாணவியிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். போடத்தான் வேண்டும் என்றால், தமிழில் புனைபெயருக்கா பஞ்சம்?